நாய்க்குத் திடீர் வலிப்பு ஏன் வருகிறது?

தோட்டக் காவலுக்கும் ஆட்டுப் பட்டிக் காவலுக்கும் நாய் வளர்க்காத விவசாயக் குடும்பங்கள் குறைவு. நேற்று வரை ஓடியாடிய நாய் திடீரென்று சாய்ந்து விழுந்து, கால்கள் விறைத்து வெட்டி இழுத்து, வாயில் நுரை தள்ளினால் வீட்டார் பதறிப் போவது இயல்பு. வெறி பிடித்து விட்டது என்று அடித்துக் கொன்று விடுவோர் உண்டு. தானே தெளிந்து விடும் என்று விட்டு விடுவோரும் உண்டு. இரண்டுமே தவறு.

வலிப்பு என்பது தனி நோய் அல்ல. மூளை ஏதோ ஒரு வகையில் பாதிக்கப்பட்டிருப்பதைக் காட்டும் அறிகுறி மட்டுமே. காரணம் வேறுபடும் போது சிகிச்சையும் வேறுபடும். அந்தக் காரணத்தைக் கண்டறிய மருத்துவருக்குப் பெரிதும் உதவுவது, நாயை வளர்ப்பவர் கூறும் விவரங்களே.

நஞ்சு

தோட்டத்தில் திரியும் வளர்ந்த நாய்க்கு முதல் முறையாக வலிப்பு வந்தால், முதலில் நஞ்சைச் சந்தேகிக்க வேண்டும். பயிருக்குத் தெளிக்கும் பாஸ்பரஸ் வகை, கார்பமேட் வகைப் பூச்சி மருந்துகள் இதில் முக்கியமானவை. மருந்து கலந்த வாளியில் தண்ணீர் குடிப்பதாலும், மருந்து தெளித்த வயலில் நடந்துவிட்டுக் கால்களை நக்குவதாலும் நஞ்சு உள்ளே போகும். எச்சில் அதிகமாக ஒழுகும், கண்ணில் நீர் வடியும், கண்மணி சுருங்கும், வாந்தியும் கழிச்சலும் இருக்கும். தசைகள் துடித்து, பிறகு வலிப்பு வரும். உரிய நேரத்தில் கால்நடை மருத்துவர் அட்ரோபின் ஊசி போட்டால் பிழைக்க வழியுண்டு.

எலிக்கு வைக்கும் துத்தநாகப் பாஸ்பைடு இன்னும் கொடியது. கருவாட்டிலோ பொரியிலோ கலந்து வைத்ததை நாய் தேடித் தின்று விடும். அது வயிற்று அமிலத்துடன் சேர்ந்ததும் பாஸ்பீன் என்ற நச்சு வாயு உண்டாகிறது. இதற்கென்று தனி மாற்று மருந்து கிடையாது. நஞ்சு தின்ற நாய்க்குச் சோறோ பாலோ கொடுத்தால் அமிலம் மேலும் சுரந்து வாயுவும் அதிகமாகும். அந்த வாயு மனிதருக்கும் கெடுதி. எனவே நாய் வாந்தி எடுத்தால் அதை மூடிய அறையில் வைக்காமல் காற்றோட்டமான இடத்துக்குக் கொண்டு போக வேண்டும்.

எண்டோசல்பான் 2011-ஆம் ஆண்டிலும், போரேட் குருணை 2020-ஆம் ஆண்டு இறுதியிலும் நம் நாட்டில் தடைக்கு உள்ளாயின. எனினும் பழைய இருப்பு கொட்டகை மூலையில் கிடக்கலாம். மாட்டுக்கு வாங்கிய உண்ணி மருந்தையும் ஐவர்மெக்டின் ஊசியையும் அளவு தெரியாமல் நாய்க்குப் பயன்படுத்துவதாலும் நடுக்கமும் வலிப்பும் வருவதுண்டு.

குட்டி ஈன்ற நாய்

பசுவுக்கு வரும் பால் சுரம் விவசாயிகள் அறிந்ததே. குட்டிகளுக்குப் பால் கொடுக்கும் பெண் நாய்க்கும் இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து திடீரென்று குறைவதுண்டு. பசு தளர்ந்து படுத்து விடும். நாயோ மாறாக விறைத்துக் கொள்ளும். குட்டி ஈன்ற முதல் நான்கு வாரங்களில் இது அதிகம். மூச்சு வாங்குதல், நிலைகொள்ளாமல் அலைதல், விறைத்த நடை, நடுக்கம், கடும் காய்ச்சல், பிறகு வலிப்பு என்று வரிசையாக முற்றும். மருத்துவர் கால்சியம் மருந்தை மெதுவாக இரத்த நாளத்தில் ஏற்றினால் விரைவில் குணம் தெரியும். குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்து வைக்க வேண்டும்.

மற்ற காரணங்கள்

டிஸ்டெம்பர் என்ற நச்சுயிரி நோய் தடுப்பூசி போடாத நாய்க்கு எந்த வயதிலும் வரும். காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் சளி, இருமல், கழிச்சல் ஆகியவை முதலில் தோன்றும். அவை தணிந்து சில வாரங்கள் சென்ற பிறகு கூட, தாடை மெல்லுவது போல் ஆடி வலிப்பு வரலாம். கடும் வெயிலில் நிழலும் நீரும் இன்றிக் கட்டிப் போட்ட நாய்க்கு உடல் சூடு ஏறி வலிப்பு வரும். தலையில் அடிபடுதல், உண்ணிகளால் பரவும் காய்ச்சல், ஈரல் அல்லது சிறுநீரகக் கோளாறு, இரத்தத்தில் சர்க்கரை குறைதல் ஆகியவையும் காரணமாகலாம். வயதான நாய்க்குப் புதிதாக வலிப்பு வந்தால் மூளையில் கட்டி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டியிருக்கும்.

இவை எதுவும் இல்லாமல் ஆறு மாதம் முதல் ஆறு வயதுக்குள் தொடங்கி, அவ்வப்போது வந்து, இடையில் நாய் முழு நலத்துடன் இருந்தால் அது பெரும்பாலும் பிறவிக் கூறான காக்காய் வலிப்பு. இதற்கு மருத்துவர் தரும் மாத்திரையை நாள்தோறும் தவறாமல் கொடுத்து வந்தால் நாய் பல ஆண்டுகள் காவல் காக்கும். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு முன்னிலும் கடுமையாகத் திரும்பும்.

வெறிநோயா?

இந்த ஐயம் எப்போதும் இருக்க வேண்டும். ஆனால் வலிப்பை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. வெறிநோயில் முதலில் மாறுவது நாயின் குணம். பழகியவரையே கடிக்கும், அல்லது இருட்டில் ஒதுங்கிக் கொள்ளும். குரல் மாறும், தாடை தொங்கும், விழுங்க முடியாமல் எச்சில் வடியும். காக்காய் வலிப்பு வந்த நாய் தெளிந்து எழுந்து, வீட்டாரை அடையாளம் கண்டு, உண்ணத் தொடங்கும். வெறிநோய் கண்ட நாய் தெளிவதில்லை; பொதுவாகப் பத்து நாட்களுக்குள் இறந்து விடும்.

நாய் கடித்திருந்தாலோ, அதன் எச்சில் காயத்தில் பட்டிருந்தாலோ, அந்தப் பத்து நாட்கள் முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்ல வேண்டும். தொப்புளைச் சுற்றிப் போட்ட பழைய ஊசி 2004-ஆம் ஆண்டோடு நின்று விட்டது. இப்போது கையில்தான் போடுகிறார்கள், அஞ்ச வேண்டியதில்லை. நோய் வெளிப்பட்ட பிறகு உயிர் பிழைப்பது ஏறக்குறைய இல்லை.

வலிப்பின் போது

* நாயின் வாய்க்குள் கை விடக் கூடாது. நாய் தன் நாக்கை விழுங்கி விடாது.
* சாவி, இரும்பு எதையும் திணிக்க வேண்டாம். தண்ணீர், எண்ணெய், உப்புக் கரைசல் புகட்டினால் நுரையீரலுக்குள் போய்விடும்.
* கிணறு, அடுப்பு, கல் பக்கம் உருளாமல் பார்த்துக் கொள்ள வேண்டும். குழந்தைகளை விலக்கி, சத்தத்தைக் குறைக்க வேண்டும்.
* எத்தனை நிமிடம் நீடிக்கிறது என்று கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தாலும், ஒரே நாளில் மீண்டும் வந்தாலும் உயிருக்கு ஆபத்து.
* வெயில் தாக்கியிருந்தால் நிழலுக்குக் கொண்டு போய், உடல் முழுதும் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும்.

தெளிந்த பின் நாய் சிறிது நேரம் கண் தெரியாதது போல் முட்டி மோதும். அப்போதும் கடிக்கக் கூடும். எட்ட நிற்பதே நலம்.

மருத்துவரிடம் கூற வேண்டியவை

நாயின் வயது, எப்போது தடுப்பூசி போட்டது, அண்மையில் வேறு நாய் கடித்ததா, கடைசியாக என்ன தின்றது, பக்கத்து வயலில் என்ன மருந்து தெளித்தார்கள், குட்டி ஈன்று எத்தனை நாள் என்பனவற்றைக் கூற வேண்டும். மருந்து டப்பா அல்லது உறை கிடைத்தால் அதையும் எடுத்துச் செல்ல வேண்டும். கைப்பேசியில் வலிப்பைப் படம் பிடித்துக் காட்டுவது மிகவும் பயன் தரும். நாயைக் கொண்டு போக வசதியில்லாதவர்கள் 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியைக் கேட்கலாம்.

பூச்சி மருந்தைப் பூட்டி வைத்தல், காலி டப்பாக்களை வரப்பில் எறியாதிருத்தல், எலி மருந்து வைக்கும் இரவில் நாயைக் கட்டி வைத்தல், செத்த எலிகளை ஆழமாகப் புதைத்தல் ஆகியவற்றுக்குச் செலவில்லை. இவற்றோடு ஆண்டுக்கொரு முறை வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டு வந்தால், நாய்க்கும் அதை வளர்க்கும் வீட்டாருக்கும் பாதுகாப்பு உண்டு.