இதயம் சொல்லும் கணக்கு

வீட்டு எலிப்டிகல் இயந்திரத்தில் இதயத் துடிப்புத் திட்டத்தைப் பயன்படுத்துவது எப்படி?

தீபாவளி கழிந்து இரண்டு வாரங்கள் ஆனால், தலைநகர் டெல்லியில் காலை நடை ஆபத்தான பழக்கமாகிவிடுகிறது. காற்றுத் தரக் குறியீடு 300ஐத் தாண்டினால் ‘மிக மோசம்’ என்றும், 400ஐத் தாண்டினால் ‘கடுமை’ என்றும் வகைப்படுத்துகிறார்கள். துவாரகாவில் எங்கள் வீட்டுப் பலகணியில் நின்றால் எதிர்க் கட்டடமே தெரியாத காலைகள் உண்டு. பணி ஓய்வு பெற்ற ஆண்டின் குளிர்காலத்தில், “இந்த மூன்று மாதமும் வெளியே நடக்க வேண்டாம். சன்னலைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள்ளேயே ஏதேனும் செய்யுங்கள்” என்றார் மருத்துவர். எங்கள் கூடத்தின் ஒரு மூலைக்கு எலிப்டிகல் இயந்திரம் வந்து சேர்ந்தது அப்படித்தான்.

1995இல் அமெரிக்காவின் பிரிகோர் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த இவ்வகை இயந்திரத்தின் சிறப்பு எளிமையானது. ஓடும்போது பாதம் ஒவ்வோர் அடிக்கும் தரையில் மோதுகிறது. இதில் பாதம் மிதிப்பலகையை விட்டு எழுவதே இல்லை. நீள்வட்டப் பாதையில் வழுக்கிச் செல்கிறது. முழங்காலுக்கு அதிர்ச்சி குறைவு. கைப்பிடிகளும் உடன் அசைவதால் கைகளுக்கும் தோள்களுக்கும் வேலை கிடைக்கிறது. அறுபதைத் தாண்டியவர்கள் இதை விரும்புவதற்கு வேறு காரணம் தேவையில்லை.

எங்கள் இயந்திரத்தின் திரையில் பல திட்டங்கள் இருந்தன. மலையேற்றம், இடைவெளிப் பயிற்சி ஆகியவற்றின் நடுவே இதய வடிவப் படம் ஒன்றும் இருந்தது. அதைத் தேர்ந்தெடுத்து வயது 61 என்று பதிவு செய்தேன். 55, 75, 90 என்ற மூன்று விழுக்காடுகளில் 75ஐ அழுத்தினேன். இலக்கு நிமிடத்துக்கு 119 துடிப்பு என்று திரை அறிவித்தது. நான் மிதிக்கத் தொடங்கினேன்.

பத்து நிமிடமாயிற்று. துடிப்பு 96. இயந்திரம் தடையைக் கூட்டியது. துடிப்பு 98. மீண்டும் கூட்டியது. தொடைகள் எரிந்தன, சட்டை நனைந்தது, வாயால் மூச்சு வாங்கியது. துடிப்பு மட்டும் நூறைத் தொட மறுத்தது. என்னைக் கவனித்துக்கொண்டிருந்த மனைவி அருகே வந்து, “என்னங்க, ஒரு வாக்கியம் முழுசாப் பேசுங்க பார்ப்போம்” என்றார். என்னால் இயலவில்லை. அவரே மின்சுவிட்சை அணைத்தார்.

மறுநாள் மருத்துவரிடம் சென்றபோதுதான் காரணம் விளங்கியது. அந்தக் காரணமே இக்கட்டுரைக்கும் காரணம்.

இயந்திரம் அறிந்ததும் அறியாததும்

துடிப்புத் திட்டத்தின் செயல்முறை புரியாத ஒன்றன்று. உங்கள் துடிப்பை இயந்திரம் தொடர்ந்து அளக்கிறது, இலக்கோடு ஒப்பிடுகிறது. குறைவாக இருந்தால், உள்ளிருக்கும் சிறு மோட்டார் காந்தத்தைச் சுழற்சக்கரத்துக்கு அருகில் நகர்த்தித் தடையைக் கூட்டுகிறது. மிகுதியாக இருந்தால் காந்தத்தை விலக்கித் தடையைக் குறைக்கிறது. அறையின் குளிர்ச்சியை ஒரே அளவில் வைத்திருக்கக் குளிர்சாதனம் செய்யும் வேலைக்கு ஒப்பானது இது.

ஆனால் இலக்கு எங்கிருந்து வருகிறது? 220இலிருந்து வயதைக் கழித்தால் கிடைப்பது உச்சத் துடிப்பு என்ற பழைய வாய்பாட்டிலிருந்து. 1970களின் தொடக்கத்தில், அதற்கு முன் வெளியான பல ஆய்வுகளின் தரவுகளை வைத்து அமெரிக்காவில் தோராயமாகப் போடப்பட்ட கணக்கு அது. 2001இல் தனாகா குழுவினர் மேலும் விரிவான தரவுகளை ஆராய்ந்து, வயதை 0.7ஆல் பெருக்கி 208இலிருந்து கழிக்க வேண்டும் என்றனர். என் வயதுக்கு முதல் வாய்பாடு 159 என்கிறது. இரண்டாவது 165 என்கிறது. இரண்டுமே சராசரிகள். ஒரே வயதுடைய இருவரின் உண்மையான உச்சத் துடிப்பு, சராசரியிலிருந்து பத்துத் துடிப்போ அதற்கு மேலோ விலகியிருப்பது மிக இயல்பு.

என் விஷயத்தில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. இரத்த அழுத்தத்துக்காகச் சில ஆண்டுகளாக நான் உட்கொள்ளும் மாத்திரை, பீட்டா தடுப்பான் வகையைச் சேர்ந்தது. மெட்டோபிரோலால், அட்டெனோலால் என்ற பெயர்கள் வாசகர்களில் பலருக்குப் பழக்கமானவையாக இருக்கும். இதயத்தின் வேகத்தை மட்டுப்படுத்துவதே இவற்றின் பணி. “மாத்திரை கடிவாளத்தைப் பிடித்திருக்கிறது, நீங்களோ குதிரையைச் சவுக்கால் அடித்துக்கொண்டிருந்தீர்கள்” என்றார் மருத்துவர். திரையில் தெரிந்த 98 என் உடலின் உழைப்பைக் காட்டவில்லை. மூச்சுத்தான் காட்டியது.

இம்மாத்திரையை உட்கொள்பவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: பயிற்சிக்கு இடையூறு என்று கருதி அதைத் தாமாகவே நிறுத்திவிடக் கூடாது. திடீரென நிறுத்துவது இதயத்துக்கு ஆபத்தை விளைவிக்கக்கூடும். மாற்ற வேண்டியது மாத்திரையை அன்று. இயந்திரத்துக்கு நாம் கொடுக்கும் எண்ணை.

உங்களுக்குரிய எண்ணைக் காணும் வழி

பின்லாந்து நாட்டு உடலியல் அறிஞர் மார்ட்டி கார்வோனன் 1957இல் வெளியிட்ட முறை, வெறும் வயதுக் கணக்கைவிட நம் உடலுக்கு நெருக்கமானது. அது ஓய்வு நிலைத் துடிப்பையும் கணக்கில் கொள்கிறது.

காலையில் விழித்ததும், படுக்கையை விட்டு எழுமுன், மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் எண்ணுங்கள். மூன்று நாள் எண்ணிச் சராசரி காணுங்கள். அது 70 என்று கொள்வோம். வயது 50 எனில் உச்சத் துடிப்பு ஏறத்தாழ 170. இரண்டுக்கும் இடைப்பட்ட 100 துடிப்புகள் உங்கள் இருப்பு. மிதமான பயிற்சிக்கு இந்த இருப்பில் 40 முதல் 60 விழுக்காடு வரை எடுத்து, ஓய்வு நிலைத் துடிப்போடு கூட்ட வேண்டும். கிடைப்பது 110 முதல் 130 வரை.

அதே வயதுடைய மற்றொருவரின் ஓய்வு நிலைத் துடிப்பு 60 என்றால் இருப்பு 110. அவருக்குரிய எல்லை 104 முதல் 126 வரை. வயது ஒன்றே; எல்லைகள் வேறு. இயந்திரத்தின் விழுக்காட்டுப் பொத்தான்கள் இந்த வேறுபாட்டை அறியா. எனவே, இலக்கு எண்ணை நாமே பதிவு செய்யும் வசதியைப் பயன்படுத்துவதே நன்று. பெரும்பாலான துடிப்புத் திட்டங்களில் அந்த வசதி உண்டு.

இதய நோய், நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், சீரற்ற துடிப்பு ஆகியவை உள்ளவர்களும், பீட்டா தடுப்பான் உட்கொள்பவர்களும் எந்த வாய்பாட்டையும் நம்பித் தொடங்கலாகாது. எனக்கு மருத்துவர் டிரெட்மில் சோதனை செய்து 90 முதல் 105 வரை என்று எல்லை வகுத்துக் கொடுத்தார். இயந்திரம் கேட்ட 119க்கும் இதற்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள்.

அளவு பிழைத்தால் யாவும் பிழைக்கும்

துடிப்பைத் தவறாக அளக்கும் இயந்திரம், தடையையும் தவறாகவே மாற்றும். கைப்பிடியிலுள்ள உலோகத் தகடுகள், இரு கைகளாலும் அசையாமல் பிடித்திருந்தால்தான் ஓரளவு சரியாக அளக்கும். உலர்ந்த உள்ளங்கை, கைக்களிம்பு, பிடி தளர்தல் ஆகிய ஒவ்வொன்றும் அளவைக் குலைக்கும். அரைமணி நேரம் நீடிக்கும் துடிப்புத் திட்டத்துக்கு அவை பொருத்தமானவை அல்ல.

மார்பைச் சுற்றிக் கட்டும் பட்டை இதயத்தின் மின் குறிகளையே வாங்குவதால் மிகவும் நம்பகமானது. கட்டுமுன் அதன் தொடுபகுதியைத் தண்ணீரால் நனைத்துக்கொள்ள வேண்டும். மணிக்கட்டுக் கடிகாரம் தோலின் மீது ஒளி பாய்ச்சி இரத்த ஓட்டத்தைக் கொண்டு கணக்கிடுகிறது. கை அசைந்துகொண்டே இருக்கும் பயிற்சியில் அது சில வேளைகளில் தடுமாறும்.

இயந்திரம் வாங்க எண்ணியிருப்போர் கடையில் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். முதலாவது: தடையை மாற்றுவது மோட்டாரா, கையால் திருகும் குமிழா? குமிழ் உள்ள இயந்திரங்களின் திரையிலும் துடிப்பு தெரியும். ஆனால் தடையைத் தானே மாற்ற இயலாத இயந்திரத்தில் துடிப்புத் திட்டம் இயங்காது. இரண்டாவது: எவ்வகை மார்புப் பட்டையோடு அது பேசும்? சில இயந்திரங்கள் பழைய வானொலி அலைவரிசைப் பட்டையை மட்டுமே ஏற்கும். புதியவை புளூடூத் பட்டையை ஏற்கும். பட்டையும் இயந்திரமும் பொருந்தாவிட்டால் செலவிட்ட பணம் வீண். தவணைக் கடனில் வாங்குவோர் இக்கேள்விகளைக் கையொப்பமிடுமுன் கேட்பது நலம்.

பயிற்சியின் போது

முதல் ஐந்து நிமிடம் தடையின்றி மெல்ல மிதித்து உடலைச் சூடேற்றுங்கள். துடிப்பு உடனே உயர்வதில்லை. உழைப்பு கூடியபின் ஓரிரு நிமிடம் கழித்தே முழுமையாக உயரும். இந்தத் தாமதத்தை உணராமல், எண் ஏறவில்லையே என்று வேகத்தைக் கூட்டினால் இயந்திரமும் அதே நேரத்தில் தடையைக் கூட்டியிருக்கும். இரண்டும் சேர்ந்து துடிப்பை எல்லைக்கு அப்பால் தள்ளிவிடும். எனவே அடியின் வேகத்தை ஒரே சீராக வைத்திருங்கள். வேகம் உங்கள் பொறுப்பு. தடை இயந்திரத்தின் பொறுப்பு. இருவரும் ஒரே வேலையைச் செய்யலாகாது.

கோடையில், காற்றோட்டமில்லாத அறையில், அதே உழைப்புக்கும் துடிப்பு மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போகும். வியர்வையால் உடலின் நீர் குறைவதும், வெப்பத்தைத் தணிக்கத் தோலுக்கு இரத்தம் திருப்பிவிடப்படுவதும் இதற்குக் காரணங்கள். மின்விசிறியும் ஒரு குவளைத் தண்ணீரும் அருகில் இருக்கட்டும்.

எண்ணோடு மூச்சையும் கவனியுங்கள். மிதமான பயிற்சியில் பேச முடியும், பாட முடியாது. சில சொற்களுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் அது கடும் உழைப்பு. சுவீடன் நாட்டு உளவியலாளர் குன்னார் போர்க் வகுத்த அளவுகோல் இத்தகைய உணர்வை 6 முதல் 20 வரையிலான எண்களால் குறிக்கிறது. 11 முதல் 13 வரை இருந்தால் பெரும்பாலோருக்கு அது மிதமான உழைப்பு. மாத்திரை எண்ணை மறைத்தாலும் இந்த உணர்வை மறைப்பதில்லை. என் மனைவி அன்று செய்தது, மருத்துவர்களும் பரிந்துரைக்கும் பேச்சுச் சோதனையே என்று பிறகு அறிந்தேன்.

மார்பில் அழுத்தம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, தலைச்சுற்றல், குளிர்ந்த வியர்வை ஆகியவற்றில் எது தோன்றினாலும் உடனே நிறுத்துங்கள். வலி நீங்காவிட்டால், ‘சற்றுப் பொறுத்துப் பார்ப்போம்’ என்ற எண்ணத்துக்கு இடங்கொடாமல் 112 என்ற அவசர எண்ணை அழையுங்கள்.

முடித்த பின்

திடீரென இறங்காமல் ஐந்து நிமிடம் மெல்ல மிதித்துத் தணியுங்கள். உழைப்பை நிறுத்திய முதல் நிமிடத்தில் துடிப்பு எவ்வளவு இறங்குகிறது என்பது இதய நலத்தின் நல்ல அறிகுறி. பல இயந்திரங்களில் இதற்கென்றே தனிப் பொத்தான் உண்டு. நாட்கள் செல்லச் செல்ல இந்த இறக்கம் கூடினால் பயிற்சி பலனளிக்கிறது என்று பொருள். ஒரு நிமிடத்தில் பன்னிரண்டு துடிப்புகூட இறங்காத நிலை தொடர்ந்தால் மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

வீட்டில் ஒரே இயந்திரத்தைப் பலர் பயன்படுத்துவதுண்டு. முன்பு ஏறியவரின் வயதையும் இலக்கையும் திரை அப்படியே வைத்திருக்கலாம். மகனுக்காக அமைத்த இலக்கில் தந்தை மிதிப்பது, பிறர் அளவெடுத்துத் தைத்த செருப்பில் மலையேறுவது போன்றது. ஏறியவுடன் பயனர் பெயரையும் எண்ணையும் சரிபாருங்கள்.

வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல். நாளுக்கு முப்பது நிமிடம், வாரத்தில் ஐந்து நாள் என்றால் 150 நிறைந்துவிடும். தொடர் வைப்புக் கணக்கைப் போலவே, இங்கும் தவணையின் அளவைவிடத் தவணை தவறாமையே முக்கியம்.

நான் ஒரு சிறு குறிப்பேடு வைத்திருக்கிறேன். தேதி, நிமிடங்கள், மிகுதியான துடிப்பு, முதல் நிமிட இறக்கம், மூச்சின் நிலை என ஐந்து பத்திகள். ஐந்தாவது பத்தியை நிரப்புபவர் என் மனைவி. அவர் ஏதேனும் கேட்பார்; நான் முழு வாக்கியத்தில் பதில் சொன்னால் ‘சரி’ என்று எழுதுவார்.

பிப்ரவரி இறுதியில் வானம் தெளிந்ததும் மீண்டும் பூங்காவுக்குச் சென்றோம். திரையில்லை, பட்டையில்லை. இருவரும் பேசிக்கொண்டே மூன்று சுற்று நடந்தோம்.