கைக்கடிகாரம் எழுதும் நடைக் கணக்கு

சென்ற மாதம் ஒரு நெசவாளர் சங்கத்தில் தணிக்கையை முடித்துப் புறப்படும் தறுவாயில், அங்கத்தினர் ஒருவர் தம் மணிக்கட்டை நீட்டிக் காட்டினார். நடையை அளக்கும் கடிகாரம் ஒன்று அதில் இருந்தது. நீரிழிவுக்காக நாள்தோறும் அரைமணி நேரம் விரைந்து நடக்கும்படி மருத்துவர் கூறியிருந்ததால், அவருடைய மகன் வாங்கித் தந்ததாம். அன்று காலை நெய்த சேலைகளைச் சைக்கிளில் கட்டித் தள்ளிக்கொண்டு 40 நிமிடம் நடந்து வந்திருக்கிறார். கடிகாரமோ உடற்பயிற்சி 6 நிமிடம் என்றே காட்டிற்று. “ஐயா, இது கள்ளக் கணக்கு எழுதுகிறதே! இனி நடந்துதான் என்ன பயன்?” என்றார்.

நடையையே விட்டுவிடும் மனநிலைக்கு அவர் வந்துவிட்டபடியால், இவ்விஷயத்தை அங்கத்தினர் யாவரும் அறியுமாறு எழுதுதல் நலமென்று கருதினேன்.

கடிகாரம் காலைப் பார்ப்பதில்லை, கையைப் பார்க்கிறது. அதனுள் முடுக்கமானி என்னும் சிறு சில்லு உள்ளது. மூன்று திசைகளிலும் கை அசையும் வேகம் மாறுவதை அது நொடிக்குப் பல முறை குறித்துக்கொள்கிறது. நடப்பவரின் கை சீராக வீசும். அந்தச் சீரையே கடிகாரம் அடிகளாக எண்ணுகிறது. சைக்கிளின் பிடியைப் பற்றிய கை வீசுவதில்லை. ஆகவே, நடந்த நடை கணக்கில் ஏறாது போகிறது. இதற்கு நேர்மாறாக, தறியில் அமர்ந்து நாடாவை ஓட்டக் கயிற்றை இழுப்பவருக்கு, ஓரடியும் வைக்காமலே அடிகள் வரவாகிவிடவும் கூடும்! பற்றுச்சீட்டு இல்லாத செலவைத் தணிக்கையாளர் ஏற்பதில்லை அன்றோ? கடிகாரத்துக்குக் கைவீச்சே பற்றுச்சீட்டு.

அடிகளின் எண்ணிக்கை வேறு, உடற்பயிற்சி நிமிடம் வேறு என்பதையும் அறிய வேண்டும். ஓய்வாக அமர்ந்திருக்கையில் உடல் செலவிடும் ஆற்றலைப் போல் மூன்று மடங்காவது செலவானால்தான் அது மிதமான உழைப்பு எனப்படும். ஆறு மடங்கானால் கடும் உழைப்பு. நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 அடி வைத்து நடப்பது பெரும்பாலோர்க்கு மூன்று மடங்கை எட்டும். ஆப்பிள் கடிகாரம் விரைந்த நடைக்குக் குறையாத முழு நிமிடங்களையே வரவு வைக்கிறது. ஃபிட்பிட் கருவிகளோ, முன்னர் 10 நிமிடம் இடைவிடாது நடந்தால் மட்டுமே வரவு வைத்தன. 9 நிமிடம் நடந்து தேநீர்க் கடையில் நின்றவருக்கு ஒன்றுமில்லை. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் அந்தப் பத்து நிமிட நிபந்தனையைக் கைவிட்டது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு வேண்டும் என்பதே அதன் பரிந்துரை. சிறிது சிறிதாகச் சேர்ந்தாலும் சரியே.

நாளைக்கு 10,000 அடி என்று பலரும் கூறும் எண், 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ‘மான்போ-கேய்’ என்னும் அடிமானியின் பெயரிலிருந்து பரவியது. ‘பத்தாயிரம் அடி மானி’ என்பதே அதன் பொருள். மருத்துவர் வகுத்த எல்லை என்று அஞ்ச வேண்டுவதில்லை.

பல கடிகாரங்கள் நாடியையும் பார்க்கின்றன. அடிப்புறத்துப் பச்சை ஒளி தோலில் பாய்கிறது. இரத்தம் அதனை உறிஞ்சுவதால், ஒவ்வொரு துடிப்பிலும் திரும்பும் ஒளி கூடிக் குறைகிறது. வார் தளர்ந்திருந்தால் இக்கணக்குப் பிழைபடும். வயதைத் தவறாகப் பதிந்தாலும் பிழையே. 220-லிருந்து வயதைக் கழித்து, அதனை உச்சத் துடிப்பாகக் கொள்வது பல கருவிகளின் வழக்கம். இதில் எச்சரிக்கை ஒன்று உண்டு. இரத்த அழுத்தத்துக்கென உண்ணும் சிலவகை மாத்திரைகள் நாடித் துடிப்பு ஏறாமல் தடுப்பவை. அவற்றை உண்பவர் எவ்வளவு நடந்தாலும் கடிகாரம் குறைத்தே எழுதக்கூடும். வரவைக் கூட்டவேண்டுமென்று அவர்கள் மூச்சு வாங்க ஓடுவது ஆபத்து. நடக்கும்போது பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் வேகம் போதும்.

அங்கத்தினரின் கடிகாரத்தில் உயரம், எடை, வயது மூன்றும் மகனுடையவையாக இருந்தன! அவற்றைத் திருத்தினோம். புறப்படுமுன் ‘நடை’ என்னும் பயிற்சியைத் தொட்டுத் தொடங்கும் முறையையும் காட்டினேன். அப்போது பல கருவிகள் கைவீச்சை மட்டும் நம்பாமல், நாடியையும் கடந்த தூரத்தையும் சேர்த்துக் கணக்கிடும். சேலை கொண்டு வரும் நாட்களில் கடிகாரம் எதைக் காட்டினாலும், நடந்த நேரத்தைச் சுவர்க் கடிகாரத்தில் பார்த்து ஒரு நோட்டில் குறித்து மருத்துவரிடம் காட்டும்படி சொல்லி வந்தேன். இந்த வாரம் தொலைபேசியில் பேசினார். நோட்டில் 40, கடிகாரத்தில் 33 என்றார்.