குழந்தைகள் சோகப் படம் பார்க்கலாமா?



படத்தில் யானை செத்துவிட்டது என்று தேம்பித் தேம்பி அழுதபடியே தூங்கிப் போகிற பிள்ளையைப் பார்த்து, இனி இந்த மாதிரிப் படமே வீட்டில் போடக் கூடாது என்று சில பெற்றோர் முடிவு செய்கிறார்கள். வேறு சிலர், "படம்தானே, அழுதால் அழட்டும்" என்று விட்டுவிடுகிறார்கள். இந்த இரண்டில் எது சரி என்பதைச் சற்றுப் பார்ப்போம்.

விலங்குப் படம் என்றதும் நம் மக்களுக்கு நினைவு வருகிறவர் சாண்டோ எம். எம். ஏ. சின்னப்பா தேவர். அவர் தயாரித்த 'ஹாத்தி மேரே சாத்தி' என்ற இந்திப் படம் 1971இல் வெளிவந்தது. மறு ஆண்டே எம்.ஜி.ஆரை வைத்து அதைத் தமிழில் 'நல்ல நேரம்' என்று எடுத்தார். இந்திப் படத்தில் ராமு என்ற யானை, தன்னை வளர்த்தவனைக் காப்பாற்றித் தான் குண்டடிபட்டுச் சாகிறது. அதுவரை ஆட்டமும் வேடிக்கையுமாக அந்த யானையோடு பிள்ளைகள் ஒட்டிக்கொண்டிருப்பார்கள். அதனால்தான் அந்தச் சாவு அவர்களை அப்படித் தாக்குகிறது. வில்லன் செத்தால் எந்தப் பிள்ளையும் அழுவதில்லையே!

தேவர் 1978இல் காலமானார். அடுத்த ஆண்டு அவருடைய நிறுவனம் 'அன்னை ஓர் ஆலய'த்தை வெளியிட்டது. காட்டு விலங்குகளைப் பிடிக்கும் ரஜினிகாந்த், ஒரு யானைக் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்துவிடுகிறார். பிறகு அந்தக் குட்டியைத் தாயிடம் சேர்க்கப் பாடுபடுகிறார். சாவைக் காட்டிலும் இந்தப் பிரிவுதான் சிறு பிள்ளைகளை அதிகம் கலக்குகிறது.

இதற்குக் காரணம் உண்டு. இறந்தவர் திரும்பி வரமாட்டார் என்பது பெரும்பாலான குழந்தைகளுக்கு ஐந்து வயதிலிருந்து ஏழு வயதுக்குள்தான் மெல்லப் புரிகிறது என்று குழந்தை மனநூல் அறிந்தோர் கூறுகிறார்கள். நான்கு வயதுப் பிள்ளைக்குச் சாவு புரியாது. "அம்மாவைக் காணோம்" என்பது நன்றாகப் புரியும். 1942இல் வந்த 'பாம்பி' என்ற கேலிச்சித்திரப் படத்தில் தாய்மான் சாவதைக் காட்டவே இல்லை. துப்பாக்கிச் சத்தம் மட்டும் கேட்கும், பிறகு குட்டி தாயைத் தேடும். அதுவே போதும், பார்க்கிற பிள்ளையின் முகம் மாறிவிடும். விடியுமுன் பெரட்டுக்குப் புறப்படுகிற தாயின் பிள்ளை, "அம்மா, நீயும் வராமல் போய்விடுவாயா?" என்று கேட்டால் அதில் வியப்பில்லை. அந்தக் கேள்விக்குச் சிரிக்காதீர்கள். "பெரட்டு முடிந்து, வேலை முடிந்து, மத்தியானம் வந்துவிடுவேன்" என்று நேரத்தோடு சொல்லுங்கள்.

"அது நடிப்புதான், யானை எழுந்து போய்விட்டது" என்று சொன்னால் எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளை ஆறுதல் அடையும். அதைவிடச் சிறிய பிள்ளைக்கு இந்த விளக்கம் ஏறாது. மடியில் வைத்துக்கொள்வதுதான் அதற்கு மருந்து. இன்னொன்று: இறந்த விலங்கைத் "தூங்குகிறது" என்று சொல்லிச் சமாளிக்க வேண்டாம். பிறகு பிள்ளை தூங்கவே பயப்படும்.

ஜொகூரில் குளுவாங், கஹாங், மெர்சிங், கோத்தா திங்கிப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு யானை திரையில் மட்டும் வருகிற பிராணி அன்று. செம்பனைக் கன்றின் குருத்தைப் பிடுங்கித் தின்னும், வாழையை முறித்துப் போடும். காலையில் அப்பா அந்த யானையைத் திட்டுவார்; இரவில் பிள்ளை திரையில் வரும் யானைக்காக அழும். இந்தக் குழப்பம் நல்ல குழப்பம்தான். யானை நடமாடிய காட்டை வெட்டித் தோட்டம் போட்டோம், அது பழைய வழியிலேயே வருகிறது என்று எடுத்துச் சொல்ல இதைவிட நல்ல சமயம் கிடைக்காது. யானைக் கூட்டத்தை நடத்துவது ஒரு மூத்த பெண் யானை. குட்டி பல ஆண்டுகள் தாயை விட்டு அகலாது என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

2025 மே 11, அன்னையர் தினம். பேராக்கில் கெரிக் பக்கத்து நெடுஞ்சாலையில் லோரி மோதி ஒரு யானைக் குட்டி இறந்தது. லோரிக்கு அடியில் கிடந்த குட்டியை விட்டு நகராமல், தாய் யானை தலையால் அந்த வண்டியை முட்டித் தள்ளிக்கொண்டு நின்ற காட்சி கைப்பேசி வழியே நாடெங்கும் பரவியது. பெரியவர்களும் கண் கலங்கினார்கள். ஆனால் இதைச் சிறு பிள்ளைக்குத் திரும்பத் திரும்பக் காட்டுவதை நான் ஒப்பமாட்டேன். கதைப் படத்துக்கு ஒரு முடிவு உண்டு. அழுத பிள்ளை அந்த முடிவில் சற்று இளைப்பாறும். கைப்பேசித் துண்டில் துயரம் மட்டுமே இருக்கிறது, அதுவும் நடந்த துயரம்.

ஆகவே ஏழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் சோகப் படம் பார்க்கட்டும், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். 'எல்லோரும் பார்க்கலாம்' என்ற சான்றிதழை மட்டும் நம்ப வேண்டாம். படத்தில் எது சாகிறது, எது பிரிகிறது என்று அது சொல்லாது. முன்பே பார்த்தவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். அழுகிற பையனைப் பார்த்து "ஆம்பிளை அழலாமா?" என்று கேலி செய்கிற மாமன்மார் இருந்தால் அவர்களைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லுங்கள். படம் முடிந்த உடனே விளக்கை அணைத்துப் படுக்க அனுப்பாமல், ஒரு கால்மணி நேரம் பேச விடுங்கள்.

வீட்டில் பாட்டியோ, வளர்த்த நாயோ அண்மையில் இறந்திருந்தால், இத்தகைய படத்தைச் சில வாரங்கள் தள்ளிப் போடுங்கள்.