சோலார் போடும் முன் ஈ.பி. கார்டை எடுங்க

மேலூர்ப் பக்கம் உழவர் கூட்டம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தோம். பக்கத்து ஊர்த் தங்கச்சி ஒருவர் கேட்டார்: "அண்ணே, மாடியில சோலார் போடச் சொல்றாங்க. ஒரு கிலோவாட் 75 ஆயிரமாம், மானியம் 30 ஆயிரமாம். போடலாமா?"

"ஈ.பி. கார்டை எடுத்துட்டு வாம்மா" என்றேன்.

இரண்டு மாதத்துக்கு 200 யூனிட். தமிழ்நாட்டில் 2016 முதல் வீடுகளுக்கு 100 யூனிட் இலவசம். 2022 செப்டம்பர் கட்டணப்படி அடுத்த 100க்கு யூனிட் ரூ.2.25. ஆக பில் 225 ரூபாய், வருஷத்துக்கு 1,350. மானியம் போக அவர் போடவேண்டியது 45 ஆயிரம். பில் மொத்தமும் மிச்சமானாலும் போட்ட காசு திரும்ப 33 வருஷம். பேனலுக்குச் சொல்லும் ஆயுளே 25 வருஷம்தான்!

அடுத்து, மதுரை கே.கே.நகரில் என் தங்கை வீடு. ஏ.சி. ஓடுவதால் 600 யூனிட். 500ஐத் தாண்டினால் சலுகை குறைந்துவிடும். அதே கட்டணப்படி 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய், 600க்கு 2,750. இரண்டு கிலோவாட் போட்டால் நாளைக்குச் சுமார் 8 யூனிட், இரண்டு மாதத்தில் 480. நெட் மீட்டரில் அது கழிந்தால் வருஷத்துக்கு 16 ஆயிரம் மிச்சம். கேட்ட விலை 1,40,000. 2024 பிப்ரவரியில் வந்த பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் மானியம் 60 ஆயிரம். மீதி 80 ஆயிரம் ஐந்து வருஷத்தில் திரும்பிவிடும். தனிக் கட்டணங்கள் இருந்தால் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

இரண்டு வீட்டுக்கும் ஒரே வெயில். கணக்குதான் வேறு. சுற்றுச்சூழல் மேல் அக்கறை இல்லாததால் கிராமத்தில் சோலார் வாங்கவில்லை என்று பேசுவது தப்பு.

அந்தத் தங்கச்சியே மாட்டுக் கொட்டகைக்கு 3,000 ரூபாயில் பேட்டரியோடு சோலார் விளக்கு வாங்கினார். மானியம் கிடையாது. "ராத்திரி கரண்ட் போனா பாம்பு பயம்ணே" என்றார். பேட்டரி இல்லாத மாடி சோலார், லைனில் கரண்ட் நின்றால் தானும் நின்றுவிடும். விற்பவர்கள் இதை முதலில் சொல்வதில்லை. ஜனங்கள் காசு கொடுப்பது தங்கள் கவலை தீர்வதற்குத்தான்.

தோட்டத்திலும் இதே கதைதான். 1990 முதல் விவசாயத்துக்கு இலவச மின்சாரம். இணைப்பு உள்ளவர் சோலார் பம்புக்கு ஏன் காசு போடுவார்? இணைப்புக்குக் காத்திருந்து டீசல் ஊற்றுபவர்தான் போடுவார். அவர் வேளாண்மைப் பொறியியல் துறையில் குசும் திட்ட மானியம் பற்றிக் கேட்கலாம். ஆனால் வெயில் இலவசம் என்று நாள் முழுக்க இறைத்தால் கிணறு தாங்காது. மூடாக்கும் சொட்டுநீரும் முதலில்.

வங்கியில் இருந்தபோது பார்த்தது: கடனில் வாங்கிய மெஷின் நின்றால் தவணையும் நின்றுவிடும். அதனால் பழுதானால் யார், எத்தனை நாளில் வருவார் என்று எழுத்தில் வாங்குங்கள். இரண்டு வருஷம் முன்பு போட்டவர் வீட்டுக்குப் போய் விசாரியுங்கள்.

கட்டணம் மாறிக்கொண்டே இருக்கும். உங்கள் கடைசி ஆறு பில்லை எடுத்து வைத்து நீங்களே கணக்குப் போடுங்கள். 500ஐத் தாண்டுகிறதா? துணிந்து விசாரியுங்கள். 200க்குள்ளா? அந்த 45 ஆயிரத்துக்கு ஒரு கறவை மாடு வாங்கலாம்.