கடற்காற்று எல்லாவற்றையும் அடித்துப் போகுமா?

மரக்காணம் – புதுச்சேரி இடையே 46 கிலோமீட்டர் சாலையை நான்குவழியாக்க 2025 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மதிப்பு 2,157 கோடி ரூபாய். இத்தகைய திட்டங்களில் நிலம், மரம், இழப்பீடு பற்றிப் பேச்சு எழும். காற்றைப் பற்றி அபூர்வமாகத்தான் எழும். சுற்றிலும் உப்பளம், பக்கத்திலேயே கடல், புகை எங்கே தங்கப்போகிறது என்பது பலரின் நினைப்பு. பகலுக்கு அது பொருந்தும். கடற்காற்று புகையை உள்நாட்டுப் பக்கம் தள்ளும். சூடான தரையிலிருந்து எழும் காற்று அதை மேலே கொண்டுபோய் நீர்க்கச் செய்துவிடும். பொழுது சாய்ந்தபின் தரை குளிர, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து படிகிறது. இரவு லாரிகள் விடும் புகை மேலேற வழியின்றி ஆளுயரத்திலேயே தேங்கும். உப்பு வாரும் வேலையோ வெயிலுக்கு முந்திக்கொண்டு, இருள் பிரியுமுன்பே தொடங்குவது. காற்று தேங்கிக் கிடக்கும் அதே வேளையில்தான் பாத்தியில் பலகை இழுப்பவர் மூச்சு வாங்க உழைக்கிறார்.

நேரத்தைப் போலவே தூரமும் முக்கியம். லாஸ் ஏஞ்சலஸ் நெடுஞ்சாலை ஒன்றின் ஓரத்தில் செய்த ஆய்வு 2002இல் வெளியானது. சாலையை ஒட்டிப் பன்மடங்காக இருந்த மிகநுண் துகள்கள், 300 மீட்டர் தள்ளிப் போனதும் சுற்றுப்புற அளவுக்கு இறங்கிவிட்டன. ஆகவே ஊர் நடுவே ஒரு கருவி வைத்து ஆண்டுச் சராசரி எடுத்தால், சாலையோரப் பாத்தியின் விடியற்காலை அதில் கரைந்துபோகும். உப்புக்காற்றே துகள்தானே, கருவி அதையும் சேர்த்து எண்ணாதா என்று கேட்கலாம். எண்ணும். அதனால்தான் பி.எம்.10 என்னும் துகள் அளவீடு மட்டும் போதாது. என்ஜினிலிருந்து வரும் கரித்துகளையும் நைட்ரஜன் டை ஆக்சைடையும் தனியே அளக்க வேண்டும். 2020 ஏப்ரல் முதல் விற்பவை பி.எஸ்.6 புகைவிதிக்கு உட்பட்ட வண்டிகள்தானே என்பது இன்னொரு வாதம். புகைக்குழாய்க்கு அது நல்ல மருந்து. டயரும் பிரேக்கும் தேய்ந்து உதிரும் தூளுக்கும், சக்கரம் கிளப்பும் சாலைப் புழுதிக்கும் அந்த விதி பொருந்தாது. மின்சார வண்டியும் இதற்கு விலக்கில்லை.

அகலமான சாலையில் நெரிசல் குறைந்து, நின்று நின்று உறுமும் வண்டிகளும் குறையும் என்பது உண்மையே. ஆனால் வசதியான சாலை கூடுதல் வண்டிகளை இழுக்கும். கிடைத்த ஆதாயம் எவ்வளவு காலம் நிற்கும் என்பதை அளந்துதான் சொல்ல முடியும். சாலை விளிம்பில் ஒன்று, 300 மீட்டர் தள்ளி ஒன்று என மணிவாரியாகப் பதியும் கருவிகளை அகலப்படுத்தும் பணிக்கு முன்பே நிறுவ வேண்டும். முன்நிலை பதிவாகாவிட்டால், நாளை காற்று கெட்டதென்று உப்பளத்தார் சொன்னாலும் நிரூபிக்க வழியிருக்காது.