‘நைஸ்’: வசையாகப் பிறந்த பாராட்டு

ஆங்கிலத்தில் அன்றாடம் புழங்கும் பெயரடைகளில் ஒன்று ‘நைஸ்’. இனிமையான, நல்ல, மனத்துக்குப் பிடித்த என்பன அதன் இன்றைய பொருள்கள். உணவு, உடை, வானிலை, மனிதர் என எதையும் இந்த ஒரு சொல்லால் பாராட்டிவிடலாம். ஆனால் 700 ஆண்டுகளுக்கு முன் ஒருவரை ‘நைஸ்’ என்றால், அவரை மூடர் என்று இகழ்ந்ததாகவே பொருள்.

இதன் வேர் லத்தீனில் இருக்கிறது. அம்மொழியில் ‘ஸ்கீரே’ என்றால் அறிதல். அதனோடு ‘நெ’ என்ற எதிர்மறை முன்னொட்டு சேர்ந்து, ‘அறியாத’ எனப் பொருள்படும் ‘நெஸ்கியுஸ்’ பிறந்தது. அறிவியலைக் குறிக்கும் ‘சயின்ஸ்’ என்ற சொல்லும் இதே ‘ஸ்கீரே’ வழி வந்ததுதான். ‘நெஸ்கியுஸ்’ பழைய பிரெஞ்சு மொழியில் உருத்தேய்ந்து, பேதைமையைக் குறித்தது. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்தில் ஏராளமாகக் கலந்தன. 1300ஆம் ஆண்டை ஒட்டி இச்சொல்லும் அங்கே வந்து சேர்ந்தது. 1400இல் மறைந்த கவிஞர் சாசர், ‘முட்டாள்தனமான’ என்ற பொருளில் இதைக் கையாண்டிருக்கிறார்.

அதன்பின் பொருள் படிப்படியாக நகர்ந்தது. பேதை என்பது கூச்சமுள்ளவர் என்றாயிற்று; கூச்சம், எதிலும் எளிதில் திருப்தி கொள்ளாத நுணுக்கக் குணமாக மாறியது. நுணுக்கம் பார்ப்பவர் சிறு வேறுபாட்டையும் கவனிப்பார் என்பதால், 16ஆம் நூற்றாண்டில் ‘நுட்பமான, துல்லியமான’ என்ற பொருள் வேரூன்றியது. ஷேக்ஸ்பியரின் ‘ரோமியோ ஜூலியட்’ நாடகத்தில் இதே சொல் ‘அற்பமான’ என்றும் பொருள்படுகிறது. ஒரே காலத்தில் பல பொருள்கள் உலவியதால், பழைய நூல்களின் சில இடங்களில் எது பொருந்தும் என்று அறிஞர்களாலேயே உறுதிசெய்ய முடிவதில்லை.

‘இனிமையான’ என்ற பொருள் 18ஆம் நூற்றாண்டில் எழுந்து விரைவாகப் பரவியது. ஜேன் ஆஸ்டின் எழுதி 1817இன் இறுதியில் வெளியான ‘நார்த்தங்கர் ஆபி’ நாவலில், எதற்கெடுத்தாலும் இச்சொல்லைப் பயன்படுத்தும் வழக்கத்தை ஹென்றி டில்னி என்ற பாத்திரம் கேலி செய்கிறது.

தாழ்ந்த பொருள் கொண்ட சொல் இப்படி உயர்வதை மொழியியலார் உயர்பொருட்பேறு என்பர். இதற்கு நேர்மாறானது இழிபொருட்பேறு. ‘அசட்டுத்தனமான’ எனப் பொருள்படும் ‘சில்லி’ இதற்கு நல்ல சான்று. பழைய ஆங்கிலத்தில் ‘பேறுபெற்ற, மகிழ்ச்சியான’ என்றிருந்த அது, கள்ளமற்ற, இரங்கத்தக்க, பலவீனமான எனச் சரிந்து இன்றைய பொருளை அடைந்தது.

‘நுட்பமான’ என்ற பழைய பொருள் முற்றிலும் மறையவில்லை. நுண்ணிய வேறுபாட்டைச் சுட்டும்போது ஆங்கிலத்தில் இன்றும் ‘நைஸ்’ என்பதுண்டு. ஒரு சொல்லின் வேர் அதன் பிறப்பைக் காட்டும். அதன் பொருளையோ அந்தந்தக் காலத்தில் பேசுவோரின் வழக்கே தீர்மானிக்கிறது.