நடவாததைச் சொல்லும் நடை

வற்றாத ஆறு ஒன்றும் ஓடாத யாழ்ப்பாணக் குடாநாட்டிலே பயிருக்கு உயிர் கிணறு. வலிகாமத்துச் செம்மண்ணில் தோட்டஞ் செய்யும் கமக்காரர் இருவரை நேயர்கள் மனக்கண்முன் நிறுத்திக்கொள்வார்களாக. ஒருவர் விடியற்காலையில் வீட்டிலிருந்து புறப்படுகிறார். கிணற்றை அவர் இன்னும் பார்க்கவில்லை. "கிணற்றில் நீர் இருந்தால் மிளகாய் நடுவேன்" என்கிறார். மற்றவர் கிணற்றுக் கட்டருகே நின்று, கோடையில் வற்றிப்போன அடித்தளத்தைப் பார்த்துக்கொண்டே அதே சொற்களைச் சொல்கிறார். முன்னவர் வாக்கில் இருப்பது ஐயம். பின்னவர் வாக்கில் இருப்பது ஏக்கம். ஆயினும் வாக்கியம் ஒன்றே. எது ஐயம், எது ஏக்கம் என்பதைக் குரலும் முகமும் இடமும் காட்டிவிடுகின்றன.

ஆங்கிலத்தில் இவ்விரு கமக்காரரும் ஒரே வாக்கியத்தைச் சொல்ல இயலாது. முன்னவர் "இஃப் தேர் இஸ் வாட்டர், ஐ வில் பிளான்ட்" என்பார். பின்னவர் "இஃப் தேர் வேர் வாட்டர், ஐ வுட் பிளான்ட்" என்பார். நீர் இருக்கவுங்கூடும் என்று கருதுவோர்க்கு 'இஸ்', 'வில்' என்னும் சொற்கள்; நீர் இல்லை என்று அறிந்தோர்க்கு 'வேர்', 'வுட்' என்னும் சொற்கள். தமிழ் கேட்பவரின் அறிவுக்கு விட்டுவிடும் இவ்வேறுபாட்டை ஆங்கிலம் சொல்பவரின் வினைச்சொல்லிலேயே வைத்துவிடுகிறது. தமிழ் மாணவர் ஆங்கிலத்தில் ஆசை, ஏக்கம், நடவாத நிலை ஆகியவற்றைச் சொல்லும்போது தடுமாறுவதற்கு முதற்காரணம் இதுவே.

நிகழ்காலத்தில் இல்லாத நீரைப் பற்றிப் பேசும்போது இறந்தகாலச் சொல் எதற்கு என்று மாணவர் வினவுவர். இறந்தகாலம் நம் கைக்கு எட்டாதது. உண்மை அல்லாததும் அவ்வாறே எட்டாதது. ஆகவே ஆங்கிலம் எட்டாமை என்னும் ஒரே தன்மையைக் கொண்டு இரண்டையும் ஒரே வடிவத்தால் குறிக்கிறது. இது தமிழர்க்கு முற்றிலும் புதிதன்று. 'வந்தால்', 'இருந்தால்' என்னும் நம் சொற்களைப் பிரித்துப் பார்த்தால், உள்ளே 'வந்த்', 'இருந்த்' என்னும் இறந்தகால அடிகளே கிடக்கின்றன. ஆயினும் "நாளைக்கு வந்தால் தருவேன்" என்று சொல்ல எவரும் தயங்குவதில்லை. வடிவம் இறந்தகாலமாயினும் பொருள் வேறாகலாம் என்பதை நம் நாவே நாள்தோறும் ஒப்புக்கொள்கிறது.

இதனின்று ஒரு விதி கிடைக்கிறது. உண்மையல்லாத நிலையைச் சொல்லும்போது ஆங்கில வினை காலத்தில் ஒரு படி பின்வாங்கும். இன்று இல்லாததற்கு இறந்தகால வடிவம் வரும். நேற்று நடவாததற்கு, அதற்கும் ஒரு படி பின்னே சென்று, 'ஹாட்' என்னும் துணைவினை வரும். 'ஆல்' ஈற்றுக்கு ஈடான 'இஃப்' பகுதியில் இவ்வளவே. பயனைச் சொல்லும் மறு பகுதியில் 'வுட்' அல்லது 'வுட் ஹாவ்' வரும். 'வுட்' என்பதை 'இஃப்' பகுதிக்குள்ளும் கொண்டுவந்து வைப்பது மாணவரிடையே பெரிதும் காணப்படும் பிழை.

பரீட்சை எழுதிய மகனைப் பற்றி ஒரு தந்தை பேசுவதாகக் கொள்வோம். "அவன் படித்திருந்தால் தேறியிருப்பான்" என்கிறார். பெறுபேறு வெளிவருமுன் சொன்னால் அது நம்பிக்கை கலந்த ஊகம். வெளிவந்து, மகன் தேறவில்லை என்று தெரிந்தபின் சொன்னால் அது வருத்தம். தமிழில் ஓர் எழுத்தும் மாறவில்லை. ஆங்கிலத்திலோ முதலாவது, "இஃப் ஹி ஹாஸ் ஸ்டடிட், ஹி வில் ஹாவ் பாஸ்ட்" என்று வரும். இரண்டாவது, "இஃப் ஹி ஹாட் ஸ்டடிட், ஹி வுட் ஹாவ் பாஸ்ட்" என்று வரும். 'ஹாட்' என்ற ஒரு சொல்லைக் கேட்ட மாத்திரத்தில், மகன் படிக்கவில்லை, தேறவும் இல்லை என்று ஆங்கிலேயர் முடிவுசெய்துவிடுவார்.

ஆசையைச் சொல்லும் சொற்களிலும் இந்நுட்பம் உண்டு. 'ஹோப்' என்பது கதவு திறந்திருக்கும் ஆசை. 'விஷ்' என்பது கதவு மூடியபின் எழும் ஆசை. கடல் கடந்த நாட்டில் நோயுற்றிருந்த தமையனுக்கு எழுதும் தம்பி "ஐ ஹோப் யூ ஆர் வெல்" என்றால், 'நலமாயிருப்பீர்கள் என நம்புகிறேன்' என்பது பொருள். "ஐ விஷ் யூ வேர் வெல்" என்றாலோ, 'நீங்கள் நலமாயில்லையே' என்னும் துயரம் பொருளாகும். நடந்து முடிந்ததற்கு வருந்தும்போது "ஐ விஷ் ஐ ஹாட் ஸ்டடிட்" என்று 'ஹாட்' சேரும். 'படித்திருக்கலாமே' என்று நாம் ஏகாரத்தால் சொல்வது அதுவே. வானத்தைப் பார்த்து 'மழை பெய்யக்கூடாதா' என்று நாம் கேட்பதை "ஐ விஷ் இட் வுட் ரெயின்" என்பர். நம் கையில் இல்லாத ஒன்றன் மாற்றத்தை விரும்பும் இடம் அது. புத்தாண்டு வாழ்த்தில் 'விஷ்' வருகிறதே எனின், ஆண்டு, வெற்றி போன்ற பெயர்ச்சொல்லை நேரே கொண்டு முடியும்போது அது வாழ்த்தாகும். வினையோடு கூடிய வாக்கியத்தைக் கொண்டு முடியும்போதே ஏக்கமாகும்.

'ஐ' என்னும் தன்மைச் சொல்லோடு 'வாஸ்' வருவதன்றோ முறை, "இஃப் ஐ வேர்" என்பது எவ்வாறு பொருந்தும் என்ற ஐயமும் எழலாம். அது பழைய ஆங்கிலத்தில் உண்மையல்லாததற்கென்றே தனியாக இருந்த வினைவடிவத்தின் எச்சம். இன்று பேச்சில் 'வாஸ்' என்பதும் வழங்குகிறது. எழுத்தில் 'வேர்' என்பதே சிறப்புடையது.

இவ்வாறு உள்ளக் கருத்தைச் சொல்லிலே பொறிக்கும் வழக்கம் பழந்தமிழிலும் இருந்தது. 'மன்', 'தில்' என்னும் இடைச்சொற்கள் அதற்குச் சான்று. 'மன்' உணர்த்தும் பொருள்களுள் ஒன்று கழிவு, அதாவது இருந்தது இப்போது இல்லையே என்னும் இரக்கம். அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாட்டில், சிறிது கள் கிடைத்தால் அவன் அதனைத் தமக்கே தந்துவிடுவான் என்று சொல்லுமிடத்தில் 'மன்' நின்று, 'அந்நாள் போயிற்றே' என்னும் துயரைத் தாங்குகிறது. 'தில்' உணர்த்தும் பொருள்களுள் ஒன்று விழைவு. அவ்விழைவு தன்மையிடத்துக்கே உரியது என்று தொல்காப்பியர் வரையறுத்தார். காலப்போக்கில் இவ்விடைச்சொற்கள் வழக்கொழிந்தன. அவற்றின் வேலையை இன்று ஏகாரமும் வினாவும் குரலும் செய்கின்றன.

இவ்விலக்கணம் அமைந்த தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையுடன், நல்லூர் ஆறுமுக நாவலர் பரிசோதிக்க, 1868 ஆம் ஆண்டில் பதிப்பித்தவர் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை. 1823 ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனரிமார் நிறுவிய வட்டுக்கோட்டைச் செமினரியில் அவர் கற்றார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற்பட்டதாரிகள் இருவருள் ஒருவரானார். ஆங்கிலக் கல்வியும் தொல்காப்பியமும் ஒரே மனத்தில் பகையின்றி வாழலாம் என்பதற்கு அவர் வாழ்க்கை சான்று.

பேச்சில் குரல் துணைநிற்கும்; கடிதத்தில் குரல் இல்லை. அங்கேதான் பிழை பெரும் இழப்பாக மாறுகிறது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று ஒரு மாணவரிடம் பிறப்புச் சான்றிதழின் மூலப்பிரதியைக் கேட்கிறது எனக் கொள்வோம். போரிலே வீட்டோடு அது அழிந்துவிட்டது. "இருந்தால் அனுப்புவேன்" என்று மனத்தில் நினைத்து, "இஃப் ஐ ஹாவ் இட், ஐ வில் சென்ட் இட்" என்று அவர் எழுதினால், தேடிப் பார்த்து அனுப்புவார் என்று அங்குள்ளோர் காத்திருப்பர். "இஃப் ஐ ஹாட் இட், ஐ வுட் சென்ட் இட்" என்று எழுதினால், அவரிடம் அஃது இல்லை என்பதை அக்கணமே உணர்வர். ஒரு சிறு வினைவடிவத்தில் ஒருவருடைய உண்மையே தங்கியிருக்கிறது.

காலம் கலந்துவரும் வாக்கியம் ஒன்று எஞ்சியுள்ளது. 1959 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981 ஆம் ஆண்டு ஜூன் மாதத் தொடக்கத்தில் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் அரிய ஏட்டுச்சுவடிகளும் சாம்பலாயின. கட்டடம் புதுப்பிக்கப்பட்டு இன்று வாசகர்க்குப் பயன்படுகிறது, ஏடுகள் மீளவில்லை. "அந்நூலகம் எரிக்கப்படாதிருந்தால் அவ்வேடுகளை இன்று படிப்போம்" என்பதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டுமாயின், முற்பகுதியில் "ஹாட் நொட் பீன் பேர்ண்ட்" என்றும், பிற்பகுதியில் "வுட் ரீட் தெம் டுடே" என்றும் வரும். தீ மூண்டது அன்று; ஆகையால் 'ஹாட்'. படிக்க இயலாமை இன்றும் உண்டு. ஆகையால் 'ஹாவ்' சேராத 'வுட்'. இவ்வொரு வாக்கியத்தைப் பிழையின்றி அமைக்கக் கற்ற மாணவர் இவ்விலக்கணம் முழுவதையும் கற்றவராவர்.